பூனைக்குப் பெயர் உண்டு

கெய்ரோ, ஷுப்ரா
28 ஜனவரி 1988

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி ரஊஃப் எழுதுவது. இதோடு வரும் பொட்டலத்தைச் சமையலறையில் வைத்துப் பிரிக்காதே, எண்ணெய் படும். கையைத் துடைத்துக்கொண்டு, கூடத்தில் மச்சான் முஃபீதுக்கு எதிரில் உட்கார்ந்து பிரி. என் ஏழாவது புத்தகம், 'கூடத்து ஃபிரிட்ஜ்'. அட்டையைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதே. இரண்டு தாள் தள்ளினால் சமர்ப்பணப் பக்கம் வரும். படித்தாயா? அழுதாயா? சரி, மேலே போவோம்.

இந்த ஊரில் ஒருவன் புத்தகம் எழுத எடுத்துக்கொள்வது ஒரு வருடம், அதை யாருக்குச் சமர்ப்பிப்பது என்று யோசிக்க இரண்டு வருடம். எங்கள் பத்திரிகை அலுவலகத்துக் கவிஞர் ஒவ்வொரு தொகுப்பையும் ஒரு வருங்கால மனைவிக்குச் சமர்ப்பிப்பார். அச்சாகி வருவதற்குள் நிச்சயதார்த்தம் முறிந்துவிடும். இப்போதெல்லாம் அவருடைய அந்தப் பக்கத்தை மட்டும் கடைசியாக அச்சடிக்கிறார்கள்.

என் கதை அதைவிட மோசம். முதல் புத்தகத்தை அப்பாவுக்குச் சமர்ப்பித்தேன். அவர் அதை ரேடியோ மேசையின் ஆடுகிற காலுக்கு அடியில் முட்டுக் கொடுத்தார். என் எழுத்து எதையாவது தாங்கி நின்றது அந்த ஒரு முறைதான். இரண்டாவது, எங்கள் பத்திரிகையின் தலைமை ஆசிரியருக்கு. வெளியான வாரமே அவரைக் கோழி வளர்ப்பு மாத இதழுக்கு மாற்றிவிட்டார்கள். மூன்றாவது, ஓர் அமைச்சருக்கு. புத்தகம் செவ்வாய்க்கிழமை வந்தது, அவர் புதன்கிழமை பதவியிலிருந்து விழுந்தார். வியாழன் முழுக்க நான் சவர பிளேடும் கையுமாக அந்தப் பக்கத்தை அறுத்துக்கொண்டிருந்தேன். நான்காவது, அரபு தேசம் முழுமைக்கும். இன்றுவரை நன்றி சொல்லி ஒரு தபால்கூட வரவில்லை. ஐந்தாவது, 'என் இல்லத்தரசிக்கு.' அது யார் என்று வீட்டில் கேட்டாள். ஆறாவது, பூனை மிஷ்மிஷுக்கு. புத்தகத்தின் மேலேயே படுத்துத் தூங்கினான். இதுவரை எனக்குக் கிடைத்த மரியாதைகளில் அதுதான் பெரியது.

ஆக, ஏழாவது உனக்கு. இருபது வருடத்துக் கடனை ஒரே வரியில் தீர்த்துவிட்டேன்.

எதிர்வீட்டுப் பள்ளித் தலைமையாசிரியரின் வான்கோழி வழக்கு எந்த மட்டில் இருக்கிறது? வக்கீல் வைத்துவிட்டார் என்று எழுதியிருந்தாயே, அதற்குப் பிறகு? பத்திரிகையில் என் அடுத்த வாரப் பத்திக்குச் சரக்கு இல்லை, சீக்கிரம் எழுது. மச்சானுக்கு சலாம். வீட்டில் சலாம் சொல்லச் சொன்னாள்.

உன் தம்பி,
ரஊஃப்

---

தமன்ஹூர்
6 பிப்ரவரி 1988

ரஊஃபுக்கு,

புத்தகம் வந்தது. நீ சொன்னபடி கையைத் துடைத்துக்கொண்டுதான் பிரித்தேன். துடைத்த கைக்கு எட்டாத தூரத்தில் உன் கன்னம் இருக்கிறதே என்றுதான் வருத்தம்.

முஃபீத் அந்த வரியை உரக்கப் படித்தார். 'என்னைச் சிரிக்க வைத்த ஹாஸிமின் தாய்க்கு.' படித்துவிட்டு, மாலை போட்டது தன் கழுத்தில் என்பதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்தார். பக்கத்து வீட்டு அம்மாள் வந்திருந்தாள். "ஹாஸிமோட கூட்டாளி யாரோ புஸ்தகம் எழுதியிருக்கானா?" என்று கேட்டாள். நான் எழுந்துபோய் உன் ஆறாவது புத்தகத்தை எடுத்து வந்தேன். 'சோம்பலில் என் ஆசான், மஞ்சள் ரோமத்து மிஷ்மிஷுக்கு.' பூனைக்குப் பெயர் உண்டு. நிறமும் உண்டு. எனக்கு என்ன இருக்கிறது? ஒரு மகன் இருக்கிறான்.

அவனைச் சுமந்தது நான்தான், மறுக்கவில்லை. அதற்கான மரியாதையை அவன் தவறாமல் செலுத்திவருகிறான். அன்னையர் தினம்தோறும் குவைத்திலிருந்து ஒரு பிரஷர் குக்கர் வந்துவிடும். இதுவரை நான்கு. ஆனால் பத்தொன்பது வருடமாக உனக்குக் கடிதம் எழுதியது ஹாஸிமின் தாய் இல்லை. அவளுக்கு அப்போது பட்டாணி உரிக்கிற வேலை இருந்தது. எழுதியவள் தவ்ஹீதா.

என் கல்யாண அழைப்பிதழ் இன்னும் பீரோவில் இருக்கிறது, ஐம்பத்திரண்டாம் வருடத்தது. தங்க எழுத்தில் முஃபீத் ஷல்தூத். அதற்குக் கீழே 'ஹாஜி மன்சூரின் மகள்.' எந்த மகள்? வீட்டில் மூன்று பேர் இருந்தோம். மாப்பிள்ளை வீட்டார் தப்பான பெண்ணைக் கூட்டிப் போயிருந்தாலும் அழைப்பிதழ்ப்படி சரியாகத்தான் இருந்திருக்கும். அம்மா இறந்தபோது உன் பத்திரிகையிலேயே அரைப்பக்கம் அறிவிப்பு போட்டாயே, 'எழுத்தாளர் ரஊஃபின் தாயார்' என்று. அதில் உன் மாமனாரின் உத்தியோகம்கூட இருந்தது. அம்மாவின் பெயர் இல்லை. அம்மாவின் பெயர் ஸகிய்யா. நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை, அதனால் எழுதிவைக்கிறேன்.

இதெல்லாம் எங்கிருந்து தொடங்கியது என்று எனக்குத் தெரியும். உனக்கு ஒன்பது வயது. நான் வாசலில் நின்று உன்னைச் சாப்பிடக் கூப்பிட்டபோது, அம்மா உள்ளேயிருந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டாள். தெருப்பையன்களுக்குக் காதில் விழுந்துவிட்டது. "தவ்ஹீதாவோட தம்பி! தவ்ஹீதாவோட தம்பி!" என்று உன் பின்னாலேயே ஓடினார்கள். நீ ஒருவன் காதைக் கடித்துவிட்டாய். கிழிந்த அங்கியோடு வந்து நின்றாய், தைத்துக் கொடுத்தவள் நான். வீட்டில் எல்லோரும் உன்னை ஆண்பிள்ளைச் சிங்கம் என்றார்கள். தைத்துக்கொண்டே நான் யோசித்தேன். என் பெயரில் அப்படி என்ன அசிங்கம் இருக்கிறது, இவன் காதைக் கடிக்கிற அளவுக்கு?

ஒன்பது வயதில் சரி. ஐம்பத்திரண்டு வயதிலுமா?

தவ்ஹீதா

---

கெய்ரோ
13 பிப்ரவரி 1988

அக்கா,

ரோஜாப்பூவை அனுப்பினால் முள்ளை எண்ணிப் பார்த்துத் திருப்பி அனுப்புகிற சாமர்த்தியம் உனக்கு மட்டும்தான் வரும்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன், மூன்று முறையும் எனக்குக் கோபம்தான் வந்தது. நீ சொல்வதைப் பார்த்தால் உன் பெயரை நான் வேண்டுமென்றே திருடிவிட்டதுபோல இருக்கிறது. நான் யோசிக்காமல் செய்தேன் என்று நினைத்தாயா? அக்டோபரில் நம் சித்தப்பா மகன் கல்யாணத்தில், பந்தியிலேயே மச்சானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முறைப்படி கேட்டேன். அவர் வாத்துக்காலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "பேரா? என் பொண்டாட்டி பேரை ரயில்ல போறவன் வாறவன் எல்லாம் வாசிக்கணுமா? ஹாஸிமோட அம்மான்னு போடுங்க மச்சான். அதுல ஒரு கௌரவம் இருக்கு."

நான் அவர் பேச்சை மீறிப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? உன் வீட்டில் ஒரு மாதம் அடுப்பு எரிந்திருக்குமா? நான் உன்னைக் காப்பாற்றினேன். பரிசாக எனக்குக் கன்னத்தில் அறை.

இன்னொன்று. சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன், ஆனால் நீயே கிளறிவிட்டாய். நீ கடிதம் எழுதினாய், உண்மை. நான்தான் புத்தகம் எழுதினேன். ஊரில் நடப்பதைச் சொல்கிறவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். எங்கள் தெருமுனை நாவிதன் உன்னைவிட நன்றாகச் சொல்வான். நீ அனுப்பியது கத்தரிக்காய் அக்கா. குடைந்து, அரிசி அடைத்து, தக்காளிச் சாற்றில் வேகவைத்து மஹ்ஷி ஆக்கியவன் நான். சாப்பிடுகிறவன் யாரும் தோட்டக்காரனின் பெயரைக் கேட்பதில்லை.

தோட்டக்காரனுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கியவன் இந்த நாட்டில் நான் ஒருவன்தான். அதற்கும் வசவு.

ரஊஃப்

பி.கு. வான்கோழி?

---

தமன்ஹூர்
20 பிப்ரவரி 1988

ரஊஃபுக்கு,

முஃபீதைக் கேட்டிருக்கிறாய். வாத்துக்காலைக்கூடக் கேட்டிருப்பாய் போலிருக்கிறது. என்னைக் கேட்கவில்லை. நானும் அதே கல்யாணத்தில், அதே கூடாரத்தில், துணித் திரைக்கு அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தேன்.

என் கடிதங்களை நீ ஹல்வா டப்பாவில் போட்டு வைத்திருப்பது எனக்குத் தெரியும். அத்தனையையும் திருப்பி அனுப்பு. கத்தரிக்காய் தோட்டத்துக்கே வந்து சேரட்டும். இனி உன் மஹ்ஷிக்குள் என்ன அடைக்கிறாய் என்று வாராவாரம் பத்திரிகையில் பார்த்துக்கொள்கிறேன்.

தலைமையாசிரியரின் வான்கோழி வழக்கு நேற்று தீர்ந்தது. இந்தத் தெருவே இரண்டு மணி நேரம் சிரித்தது, நீதிபதி உட்பட. எப்படித் தீர்ந்தது என்று உனக்கு எழுதப் போவதில்லை. நாவிதனிடம் கேட்டுக்கொள்.

தவ்ஹீதா

---

கெய்ரோ
2 ஏப்ரல் 1988

அக்கா,

ஒரு மாதத்துக்கு மேல் பதில் எழுதவில்லை. ரோஷம்தான், வேறொன்றுமில்லை. முதல் ஒரு மாதத்தில் நான்கு பத்திகள் எழுதினேன். முதல் வாரம் டிராம் நெரிசல். இரண்டாவது வாரமும் டிராம் நெரிசல், எதிர்த்திசையில். மூன்றாவது வாரம் நாவிதனிடமே போனேன். ஒன்றரை மணி நேரம் தன் மூலவியாதியைப் பற்றிச் சொன்னான். நான்காவது வாரம் பத்திரிகை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "உஸ்தாத், உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று அன்பாகக் கேட்டார். பத்தொன்பது வருடத்தில் ஓர் ஆசிரியர் என்னிடம் அன்பாகப் பேசியது அதுதான் முதல் தடவை. பயந்துவிட்டேன்.

அப்போதுதான் ஹல்வா டப்பாவைத் திறந்தேன். உன் முகத்தில் விட்டெறிவதற்காக, சத்தியமாக. அனுப்புவதற்கு முன் ஒரு கடிதத்தைப் படித்தேன். எழுபத்தொன்பதாம் வருடம், நவம்பர். புது ஃபிரிட்ஜை விருந்தாளிகள் பார்க்கவேண்டும் என்று கூடத்தில் வைத்து, அதற்கு லேஸ் துணி போர்த்திய அந்த அம்மாளைப் பற்றியது. ஃபிரிட்ஜ் உறுமும்போதெல்லாம் அவள் விருந்தாளிகளிடம், "கேட்டீங்களா, நம்மகூடப் பேசுது" என்பாள்.

புத்தகத்தின் கடைசி வரி அதுதான். மூன்று பத்திரிகைகள் அந்த வரியைத்தான் எடுத்துப்போட்டுப் பாராட்டின. இத்தனை வருடமும் அதை நான் எழுதியதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன் அக்கா. பொய் சொல்லவில்லை, நம்பினேன். டப்பா முழுக்கப் படித்தேன். அரிசியும் நீதான், தக்காளியும் நீதான். நான் தட்டை எடுத்துவைத்தவன்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. தவறு செய்தவனுக்கு வருகிற ஆத்திரம் மற்ற ஆத்திரங்களைவிடச் சூடானது. நேராக ஃபக்காலா தெருவுக்குப் போய்ப் பதிப்பாளர் லபீபிடம், பெயரோடு மறுபதிப்பு போடச் சொன்னேன். முதல் பதிப்பில் ஆயிரத்துச் சொச்சம் கிடங்கில் தூங்குகிறதே, அதை முதலில் எழுப்புங்கள் என்றார். எழுப்பப் போனேன். நான்கு நாள், பேனாவும் கையுமாக. ஒவ்வொரு பிரதியிலும் 'ஹாஸிமின் தாய்க்கு' என்பதை அடித்துவிட்டு, 'தவ்ஹீதாவுக்கு' என்று என் கையால் எழுதினேன். எழுதிய கை சும்மா இருக்குமா? பழக்கதோஷத்தில் கீழே கையெழுத்தும் போட்டது. கிடங்குக்காரர் கலீல் எட்டிப்பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். "உஸ்தாத், புதுப் புஸ்தகத்துல பேனா பட்டா அது பழைய புஸ்தகம்."

அவர் சொன்னது எனக்குப் பிறகுதான் விளங்கியது. கடைக்காரர்கள் கட்டுக்கட்டாகத் திருப்பி அனுப்புகிறார்கள். எழுதியவர் யாரோ ஒருத்திக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததை அவள் பழைய புத்தகக் கடையில் தள்ளிவிட்டாள், அதை எங்கள் தலையில் கட்டுகிறீர்களா என்று சண்டை. ஒருவர் மட்டும் நிதானமாகக் கேட்டாராம், "இந்த தவ்ஹீதா யாரு? ஆயிரம் காப்பி பரிசா வாங்கி, ஒண்ணுகூட வெச்சுக்காம வித்திருக்காளே, அவ்வளவு மோசமாவா எழுதியிருக்காரு?" அலுவலகத்தில் கதை வேறுமாதிரி. தவ்ஹீதா ஒரு நடனக்காரி, நான் அவள் காலடியில் விழுந்து கிடக்கிறேன். இது கவிஞரின் உபயம். என்னை முதல்முறையாகப் பொறாமையோடு பார்க்கிறார்.

விஷயம் வீட்டுக்கும் எட்டியது. "அது உங்க அக்கா பேரா இருந்ததால தப்பிச்சீங்க" என்றாள். பிறகு ஐந்தாவது புத்தகத்தைக் கொண்டுவந்து, அந்தப் பக்கத்தைத் திறந்து, என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

லபீப் என்னைப் பிடித்து உலுக்கி, யார் அந்த தவ்ஹீதா என்று கேட்டார். சொன்னேன். கிடங்கின் நடுவில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, முழுப் பெயரையும், கடிதங்களின் கதையையும் சொன்னேன். எவன் காதையும் கடிக்கவில்லை.

டப்பாவை ரயில் பார்சலில் போட்டிருக்கிறேன். ஃபிரிட்ஜ் கடிதத்தை மட்டும் நிறுத்திவைத்துக்கொண்டேன். அது இல்லாவிட்டால், நடந்தது எதையும் நானே நம்பமாட்டேன்.

ரஊஃப்

வான்கோழியைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்கிற தகுதி எனக்கில்லை. ஆனாலும் உயிரோடு இருக்கிறதா என்று ஒரு வார்த்தை.

---

தமன்ஹூர்
23 ஏப்ரல் 1988

ரஊஃபுக்கு,

டப்பா வந்தது. எலி கடிக்காமல் வைத்திருந்ததற்கு நன்றி. அந்த நன்றி மிஷ்மிஷைச் சேர்ந்தது என்று நினைக்கிறேன்.

கிடங்கில் நீ எழுதிய பிரதி ஒன்றை லபீப் எனக்கு அனுப்பியிருந்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நீ அடித்த வரியை இன்னும் தெளிவாகப் படிக்க முடிகிறது. அதை நான் மன்னிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. நாவிதனையும் மறக்கவில்லை.

லபீப் உன்னைவிடக் கெட்டிக்காரர். கெய்ரோ முழுக்க ஒரு பெயரை விசாரிக்கிறதென்றால் அந்தப் பெயரை அட்டையில் போட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. கடிதங்களைக் கேட்டு எழுதினார். எனக்கு எழுதினார், முஃபீதுக்கு இல்லை. நான் சம்மதித்துவிட்டேன். இருநூற்றுப் பதினொரு கடிதங்கள் அச்சுக்குப் போகின்றன. நீ வைத்துக்கொண்டதைப் படியெடுத்து அனுப்பிவை. மூலத்தை நீயே வைத்துக்கொள், உனக்குத் தேவைப்படும்.

முஃபீதிடம் சொன்னேன். "பேரு போடுவாங்களா?" என்றார். அட்டையில், பெரிய எழுத்தில் என்றேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. அடுப்பு எரிந்தது, மார்ச்சில் வந்த புதியதோடு ஐந்து பிரஷர் குக்கரும் ஓடின. நான்காவது நாள் தேநீரைக் கையில் வாங்கிக்கொண்டு, ரேடியோவிடம் சொல்வதுபோல், "ஷல்தூத்னும் சேத்துப் போடுவாங்களா, இல்ல வெறும் தவ்ஹீதாவா?" என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இனி சமர்ப்பணம். ஒரு வாரமாக அதே வேலை. நீ எப்படி ஏழு முறை தப்புச் செய்தாய் என்று இப்போது புரிகிறது, அவ்வளவு சுலபம் இல்லை. யாரையாவது எழுதினால் யாராவது விடுபடுகிறார்கள். கடைசியில் இரண்டு வரி வைத்தேன்.

'ஸகிய்யாவுக்கு.
பிறகு, தவ்ஹீதாவின் தம்பிக்கு.'

அம்மாவிடம் அனுமதி கேட்க வழியில்லை. உன்னிடம் கேட்டிருக்கலாம். ஆனால் நம் குடும்பத்தில் அப்படிக் கேட்கிற வழக்கம் இல்லையே. அதனால் தொலைபேசியில் கூப்பிட்டு, உன் மனைவி கௌஸரைக் கேட்டேன், முறைப்படி. அவள் சொன்னாள்: "அப்படியே போடுங்க மைனி. அதுல ஒரு கௌரவம் இருக்கு."

தவ்ஹீதா

---

கெய்ரோ
7 மே 1988

அக்கா,

இது அக்கிரமம். பத்தொன்பது வருடமாக வாராவாரம் அச்சில் வருகிறவன் நான். ஏழு புத்தகம் போட்டவன். பால்காரன் முதல் நீதிபதிவரை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். பூனைக்கு நான் கொடுத்ததைக்கூட நீ எனக்குக் கொடுக்கவில்லை. லபீபிடம் போய்ச் சண்டை போட்டேன். அச்சு மெய்ப்பைத் தூக்கி என் முன்னால் போட்டார். அந்தப் பக்கத்தைக் காட்டி, என் பெயர் எங்கே என்று கேட்டேன். "யாருன்னு எல்லாருக்கும் தெரியுமே உஸ்தாத், அப்புறம் பேரு எதுக்கு?" என்றார். இதே வார்த்தையை நான் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன் என்று டிராமில் வரும்போது எண்ணிக்கொண்டு வந்தேன். ஷுப்ரா வந்துவிட்டது, எண்ணிக்கை முடியவில்லை.

அலுவலகத்தில் அதற்குள் தெரிந்துவிட்டது. காலையில் நான் படியேறும்போது கவிஞர் மாடியிலிருந்தே கத்தினார்: "வழி விடுங்கப்பா, தவ்ஹீதாவோட தம்பி வர்றாரு!" எல்லோரும் சிரித்தார்கள். நான் அவர் பக்கத்தில் போய், காதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த வயதில் என் வாயில் இருப்பதெல்லாம் டாக்டர் கட்டிக்கொடுத்த பல். எதற்கு வம்பு என்று என் மேசைக்குப் போய்விட்டேன்.

மெய்ப்பில் வான்கோழிக் கடிதம் இல்லை. அதை நீ எழுதவே இல்லை, இல்லையா? எனக்குத் தெரியாமல் வைத்துக்கொண்டிருக்கிறாய். அதற்காக உன்னை நான் மன்னிக்கப்போவதில்லை.

என் மேசையில் ஐந்தாவது புத்தகமும் பேனாவும் இருக்கின்றன. கௌஸர் சலாம் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு, கோபத்துடன்,
தவ்ஹீதாவின் தம்பி